கொண்டை ஊசி போட்ட வைரஸ்

முழம் அளந்து மல்லிகைச் சரத்தை நறுக்கும் பூக்காரம்மா, நறுக்கிய இடத்தில் நாரைச் சுற்றி ஒரு முடிச்சுப் போடாமல் இலையில் வைப்பதில்லை. முடிச்சில்லாத சரம் வீடு போய்ச் சேருவதற்குள் முனையிலிருந்து ஒவ்வொரு பூவாக உதிர்ந்துவிடும். கயிறோ, புடவை முந்தானையோ, ஷூ லேஸோ, நீளமாக இருக்கும் எந்தப் பொருளுக்கும் முனைதான் பலவீனம். உயிரின் சங்கதிகள் அத்தனையும் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ. இழைக்கும் இதே சங்கடம்தான்.

இந்தச் சங்கடத்துக்கு உயிரினங்கள் கண்டுபிடித்த தீர்வுகளில் இரண்டு பிரபலமானவை. ஒன்று, முனையே இல்லாமல் செய்துவிடுவது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் குரோமோசோம் ஒரு வளையம் என்பதை 1963இல் ஜான் கெய்ன்ஸ் படம் பிடித்தே காட்டினார். வளையத்துக்கு ஏது முனை? இன்னொன்று மனிதர், மாடு, மாமரம் ஆகியோரின் வழி. குரோமோசோம் நீளமாகவே இருக்கட்டும், முனையில் மட்டும் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுதி ஒரு குஞ்சம் தொங்கவிடலாம், தேய்ந்தால் குஞ்சம்தானே தேயும் என்கிற ஏற்பாடு. இதற்கு டெலோமியர் என்று பெயர். இந்தக் குஞ்சத்தையும் அதைப் பின்னும் என்சைமையும் கண்டுபிடித்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அது பூக்காரம்மாவின் வழி. அதைக் கையாள்வது பாக்டீரியாவுக்குள் குடியிருக்கும் ஒரு வைரஸ். பெயரில் கவர்ச்சி எதுவும் இல்லை: என்15. சோவியத் நாட்டில் கண்டெடுக்கப்பட்ட இந்த வைரஸ் பல ஆண்டுகள் ஒரு சில நிபுணர்களின் மேஜையைத் தாண்டவில்லை. இன்று அதன் ஒரே ஒரு என்சைமை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது.

முதலில், முனையில் என்னதான் பிரச்னை என்று பார்க்க வேண்டும். அதைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் மனிதரும் மாஸ்கோக்காரரே. அலெக்ஸி ஒலோவ்னிகோவ் 1966இல் ஒரு கருத்தரங்கில் உரை கேட்டுவிட்டு மெட்ரோ நிலையத்துக்கு வந்தார். மனித செல்கள் சோதனைக் குடுவையில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிரிவதில்லை என்று அமெரிக்காவில் லெனர்ட் ஹேஃப்ளிக் கண்டறிந்ததைப் பற்றிய உரை அது. ஏன் பிரிவதில்லை? குகைக்குள்ளிருந்து ரயில் வரும் ஓசை கேட்டபோது அவருக்கு விடை தோன்றியதாம். தண்டவாளம்தான் டி.என்.ஏ. அதைப் படியெடுத்துக்கொண்டே போகும் என்சைம்தான் ரயில். தண்டவாளம் ரயிலின் அடியில் தொடங்கினால், ரயில் நின்றுகொண்டிருக்கும் அந்த முதல் துண்டை அது எப்படிப் படியெடுக்கும்?

உவமையை விட்டுவிட்டுச் சொன்னால், டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் என்சைமால் வெறுமையிலிருந்து ஆரம்பிக்க முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு சின்ன ஆரம்பத் துண்டு வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் துண்டு அகற்றப்படும். நடுவிலே இருந்தால் பள்ளத்தைப் பக்கத்திலிருந்து நிரப்பிவிடலாம். கடைசி முனையில் பக்கம் ஏது? ஆகவே ஒவ்வொரு படியிலும் இழை கொஞ்சம் குறையும். ஒலோவ்னிகோவ் இதை 1971இல் ரஷ்ய மொழியில் வெளியிட்டார். மறு வருடம் ஜேம்ஸ் வாட்சன் வைரஸ் டி.என்.ஏ.வை வைத்துத் தனியாக இதே முடிச்சைச் சுட்டிக்காட்டினார். 2009 நோபல் பட்டியலில் ஒலோவ்னிகோவ் பெயர் இல்லை. 2022இல் அவர் காலமானார். சோவியத் விஞ்ஞானத்தின் கதைகளில் இந்த மாதிரி அத்தியாயங்கள் நிறைய.

என்15 கதையும் அங்கேதான் தொடங்குகிறது, அதுவும் ஒரு விசேஷமான வருடத்தில். 1964இல் விக்டர் ரவின் இந்த வைரஸைத் தனிமைப்படுத்தினார். அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன், 1948 ஆகஸ்டில், ஸ்டாலினின் ஆசியுடன் டிரோஃபிம் லைசென்கோ மரபணுவியலையே ‘முதலாளித்துவப் புரட்டு’ என்ற கணக்கில் நாட்டை விட்டுத் துரத்தியிருந்தார். உலகெங்கும் அலைந்து விதை சேகரித்த நிகோலாய் வாவிலோவ் அதற்கும் முன்பே, 1943இல், சரதோவ் சிறையில் செத்துப்போனார். 1964 அக்டோபரில் குருஷ்சேவ் பதவியிழந்த பிறகுதான் லைசென்கோவின் செல்வாக்கு சரிந்தது. மறு ஆண்டு, மரபணுவியல் கழகத்தின் இயக்குநர் நாற்காலியிலிருந்து அவர் இறக்கப்பட்டார். ஜீன் என்ற சொல்லை உச்சரிக்கவே தயங்க வேண்டியிருந்த நாட்டில், அந்தத் தயக்கம் விலகத் தொடங்கிய நேரத்தில் ஒரு வைரஸ் பிடிபட்டது. பின்னாளில் பாடப் புத்தகத்தில் திருத்தம் போட வைக்கப்போகும் வைரஸ் அது என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஃபேஜ் என்பார்கள். இந்தியாவுக்கும் இவற்றுக்கும் பழைய உறவு உண்டு. 1896இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமிகளைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாகவும், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதாகவும் எழுதினார். அந்த ‘ஏதோ ஒன்று’ ஃபேஜாக இருந்திருக்கலாம் என்பது பிற்காலத்து ஊகம். ஃபேஜ் என்ற பெயரை 1917இல் சூட்டிய ஃபெலிக்ஸ் தெரெல், 1920களில் இந்தியாவுக்கே வந்து காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார்.

ஃபேஜ்களில் இரண்டு ரகம். ஒரு ரகம் உள்ளே நுழைந்ததும் பாக்டீரியாவின் தொழிற்சாலையைக் கைப்பற்றி, தன்னைப் போலவே ஏராளமான பிரதிகளைச் செய்துகொண்டு, கடைசியில் பாக்டீரியாவை வெடிக்க வைத்து வெளியேறும். இரண்டாவது ரகம் பொறுமைசாலி. நுழைந்தபின் சத்தம் காட்டாமல் தங்கிவிடும். பாக்டீரியா பிரியும்போதெல்லாம் அதுவும் கூடவே பிரதியாகும். வீட்டுக்காரருக்கு ஆபத்து வந்து டி.என்.ஏ. சிதையத் தொடங்கும்போதுதான் விழித்துக்கொள்ளும். பிறகு உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்து, வெடித்துக்கொண்டு கிளம்பும்.

பொறுமைசாலிகளில் உலகப் புகழ் பெற்றது லாம்ப்டா. எஸ்தர் லெடர்பெர்க் அமெரிக்காவில் கண்டுபிடித்து 1951இல் அறிவித்தது. மூலக்கூறு உயிரியல் என்ற துறை தவழ்ந்து எழுந்து நடந்ததே பெரும்பாலும் லாம்ப்டாவின் விரலைப் பிடித்துக்கொண்டுதான். அது எப்படிக் குடியிருக்கிறது என்பதை 1962இல் ஆலன் காம்ப்பெல் ஊகித்தார். வைரஸின் டி.என்.ஏ. உள்ளே நுழைந்ததும் வளையமாகிறது, பிறகு பாக்டீரியாவின் குரோமோசோமை ஓரிடத்தில் வெட்டி அதற்குள் தன்னைச் செருகிக்கொள்கிறது என்றார். வாடகைக்கு வந்தவர் சுவரை இடித்து வீட்டோடு வீடாகக் கலந்துவிடுவது மாதிரி. ஊகம் சரியென்று நிரூபணமாயிற்று. பொறுமைசாலி வைரஸ் என்றாலே இப்படித்தான் என்று பலரும் நினைக்கத் தொடங்கினார்கள்.

என்15 அப்படிக் கலக்கவில்லை. ரவினும் ஷுல்காவும் 1970இல் அமெரிக்க இதழொன்றில் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொன்னது: இந்த வைரஸ் குரோமோசோமுக்கு வெளியே குடியிருக்கிறது. முற்றத்தில் தனிக் குடிசை போட்ட குடித்தனக்காரர். குரோமோசோமுக்கு வெளியே தனியாகப் பிரதியாகும் இத்தகைய டி.என்.ஏ.வை பிளாஸ்மிட் என்பார்கள். பி1 என்ற இன்னொரு ஃபேஜ் இப்படித் தனியாக இருப்பதை இரண்டு வருடம் முன்னதாக ஜப்பானியர்கள் இகேதாவும் தோமிசாவாவும் காட்டியிருந்தார்கள். ஆகவே ரவின் சொன்னது அதிர்ச்சியாக இல்லை. பி1 வளையம், பிளாஸ்மிட் என்றாலே வளையம், இதுவும் வளையமாகத்தான் இருக்க வேண்டும்.

இல்லை. லெனின்கிராடில் ஸ்வார்செவ்ஸ்கியும் ரிப்சினும் 1984இல் ரஷ்ய மொழி இதழ் ஒன்றில் வெளியிட்டதுதான் திருப்பம். பாக்டீரியாவுக்குள் இருக்கும் என்15 வளையம் அல்ல, நீளமான இழை. அதைவிட விசித்திரம், அந்த இழைக்கு வெட்டுப்பட்ட முனையே கிடையாது.

டி.என்.ஏ. இரட்டை இழை என்பது எல்லோருக்கும் தெரியும். நீளமான டி.என்.ஏ. என்றால் முனையில் இரண்டு இழைகளும் அருகருகே முடிந்து தொங்கிக்கொண்டிருக்கும். என்15இல் முனைக்கு வரும் ஓர் இழை அப்படியே வளைந்து திரும்பி, இரண்டாவது இழையாகப் பின்னோக்கிப் போகிறது. மலைப்பாதையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது பஸ் திரும்புமே, அதே கொண்டை ஊசி வளைவு. மறுமுனையிலும் ஒரு கொண்டை ஊசி. விரலை இழைமீது வைத்து ஓட்டிக்கொண்டே போனால், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். பார்வைக்கு நீளம், கணக்கில் வளையம். சூடேற்றி இரண்டு இழைகளைப் பிரித்தால் சாதாரண டி.என்.ஏ. இரண்டாகப் பிரிந்து போய்விடும். இது ஒற்றை இழையாலான ஒரு பெரிய வளையமாக விரியும், குளிர்ந்ததும் பழையபடி மடிந்துகொள்ளும்.

முனை இல்லை என்பதால் முனை தேய்வதும் இல்லை. குஞ்சம் வேண்டாம், குஞ்சம் பின்னும் என்சைமும் வேண்டாம். முடிச்சுப் போட்ட சரம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் வைரஸின் முழு வாசகத்தைப் படிக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சோவியத் யூனியனே இல்லை. லெனின்கிராட் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது. ரஷ்யர்களும், பிட்ஸ்பர்க்கின் ரோஜர் ஹெண்ட்ரிக்ஸ், கிரகாம் ஹாட்ஃபுல், யூட்டாவின் ஷெர்வுட் காஸ்யென்ஸ் ஆகியோரும் சேர்ந்து வெளியிட்ட அந்த ஜீனோம் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் விக்டர் ரவின். 1964இல் கண்டெடுத்தவரே, முப்பத்தாறு வருடம் கழித்து அதன் முழு ஜாதகத்தையும் வாசித்தவர்களில் ஒருவர். விஞ்ஞானத்தில் இந்த பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஜாதகத்தில் இருந்தது என்ன? சுமார் 46,000 எழுத்துகள், அறுபது ஜீன்கள். ஃப்ரெட் சாங்கர் குழு 1982இல் படித்த லாம்ப்டாவுக்கு 48,502 எழுத்துகள். அளவில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. வாசித்துக்கொண்டே போனால் முதல் பாதியில் ஆச்சரியமே இல்லை. வைரஸின் தலை, வால் ஆகியவற்றைச் செய்யும் ஜீன்கள் வரிசைகூட மாறாமல் லாம்ப்டாவின் சாயலில் இருந்தன. வைரஸின் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது அதன் டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் ஒற்றை இழையாகப் பன்னிரண்டு எழுத்துகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாக்டீரியாவுக்குள் நுழைந்ததும் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளையமாகும். லாம்ப்டாவிலும் அதே பன்னிரண்டுதான்.

மறு பாதியில் கதை மாறுகிறது. அங்கே இருந்தவை வேறு வேறு வீட்டுப் பொருள்கள். பிரதியாவதற்கான ஜீன், பி4 என்ற இன்னொரு ஃபேஜின் ஜீனைப் போல இருந்தது. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கொரு பிரதி போய்ச் சேருகிறதா என்று கவனித்துக்கொள்ளும் ஜீன்கள், எஃப் என்ற புகழ் பெற்ற பிளாஸ்மிட்டின் ஜீன்களைப் போல இருந்தன. பாக்டீரியாவின் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் மூன்று முதல் ஐந்து பிரதிகள்தான் இந்த வைரஸுக்கு. பங்கு பிரிப்பதைத் தற்செயலுக்கு விட்டால் சில தலைமுறைகளில் வைரஸ் இல்லாத பாக்டீரியாக்கள் பெருகிவிடும். அதனால்தான் பாகப்பிரிவினைக்கென்றே தனி ஏற்பாடு.

இன்னொரு ஜீன் வாசலைச் சாத்துகிறது. பாக்டீரியா இரும்புச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு கதவு உண்டு. என்15 நுழைவதும் அந்தக் கதவு வழியாகத்தான். வேறு பல ஃபேஜ்களுக்கும் அதுவே வழி. உள்ளே வந்து உட்கார்ந்ததும், தான் வந்த வழியாக வேறு யாரும் வராமல் இந்த ஜீன் பார்த்துக்கொள்கிறது. ரிசர்வ் செய்யாத பெட்டியில் அடித்துப் பிடித்து ஏறியவர், ஏறிய மறுகணமே கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

இப்படி ஒட்டுப் போட்ட ஜமுக்காளம் போல இருப்பது என்15இன் தனிச் சிறப்பு அல்ல. ஃபேஜ்கள் ஒரே பாக்டீரியாவுக்குள் சந்தித்துக்கொள்ளும்போது ஜீன்களை மாற்றிக்கொள்கின்றன, யுகயுகமாக இது நடக்கிறது, ஆகவே ஒரு ஃபேஜுக்கு ஒரே மூதாதை என்று வம்சாவளி வரைய முடியாது என்று ஹெண்ட்ரிக்ஸும் சகாக்களும் 1999இலேயே வாதிட்டிருந்தார்கள். என்15 அந்த வாதத்துக்குக் கிடைத்த நல்ல சாட்சி. ஒரு பாதியைப் பார்த்தால் லாம்ப்டாவின் தம்பி, மறு பாதியைப் பார்த்தால் பிளாஸ்மிட்டின் மருமகன்.

கட்டுரையின் மிக ருசியான பகுதி நடுவில் இருக்கிறது. லாம்ப்டாவின் டி.என்.ஏ.வில், பாக்டீரியாவின் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ள உதவும் இடமும், அந்த வேலையைச் செய்யும் என்சைமின் ஜீனும் ஏறக்குறைய நடுவில் அக்கம்பக்கமாக இருக்கும். என்15இல் அதே இடத்தில் வேறு ஜோடி உட்கார்ந்திருக்கிறது. ஐம்பத்தாறு எழுத்து நீளமுள்ள ஒரு வாசகம், அதை வெட்டிக் கொண்டை ஊசி போடும் என்சைம். என்சைமின் பெயர் டெல்என். அதாவது, வீட்டோடு கலக்கும் கருவியை எடுத்துவிட்டு அதே ஆணியில் குடிசை போடும் கருவியை மாட்டியிருக்கிறது இயற்கை.

அந்த ஐம்பத்தாறு எழுத்தைத் தமிழ் படித்தவர்கள் ரசிக்கலாம். ‘விகடகவி’ என்ற சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். முழுப் பாட்டையே இப்படிக் கட்டுவதற்கு மாலைமாற்று என்று பெயர். டி.என்.ஏ.விலும் மாலைமாற்று உண்டு, சின்ன வித்தியாசத்துடன். இங்கே ஓர் இழையை இடமிருந்து வலமாகவும், எதிர் இழையை வலமிருந்து இடமாகவும் படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மாலைமாற்று. பாதி வாசகத்தை வைத்துக்கொண்டு மடித்தால், தன்மேல் தானே கச்சிதமாகப் பொருந்தும். கொண்டை ஊசி செய்ய இதைவிட வசதியான கம்பி கிடையாது.

டெல்என் என்ன செய்கிறது என்பதைச் சோதனைக் குழாயில் காட்டியவர்கள் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் கழகத்தைச் சேர்ந்த டெனெக்கே, எரிக் லாங்கா குழுவினர். அதுவும் 2000ஆம் வருடம்தான். என்சைம் அந்த மாலைமாற்றின் மத்தியில் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது, ஆனால் நேருக்கு நேராக அல்ல, ஆறு எழுத்து தள்ளி. வெட்டிய முனையைக் கைவிடாமல் தன்னோடே பிணைத்துப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து, வலப்பக்கத்து இழையைப் பழையபடி இடப்பக்கத்தோடு ஒட்டாமல், திருப்பி அதன் ஜோடி இழையோடு ஒட்டிவிடுகிறது. இடப்பக்கத்திலும் அதே. ஒரு வெட்டு, இரண்டு கொண்டை ஊசிகள். வெளியிலிருந்து எரிபொருள் தேவையில்லை. வெட்டியபோது கிடைத்த சக்தியைச் சேமித்து ஒட்டுவதற்குச் செலவழிக்கிறது. வேறு புரதத்தின் ஒத்தாசையும் வேண்டாம். தையல்காரரும் கத்திரிக்கோலும் ஒரே ஆள்.

ஆக, நுழைந்ததும் என்15 வளையமாகிறது. வளையத்தின் இன்னொரு பக்கத்தில் டெல்என் வெட்டுகிறது. வைரஸுக்குள் முனைகளாக இருந்தவை இப்போது நடுவில், நடுவில் இருந்தது இப்போது முனைகளில். பாக்டீரியா பிரியும் காலத்தில் பிரதியெடுக்கும் என்சைம் கொண்டை ஊசி வளைவில் பஸ் மாதிரி திரும்பி மறு இழையில் ஓடும். அப்போது இரண்டு பிரதிகளும் முனையில் ஒட்டிக்கொண்டே பிறக்கும். ஒட்டிய இடத்தில் மறுபடியும் அதே ஐம்பத்தாறு எழுத்து பாணி மாலைமாற்று உருவாகியிருக்கும். டெல்என் வந்து நறுக்கி ஆளுக்கொரு முடிச்சுப் போடும். இது தேய்மானமே இல்லாத கணக்கு.

முதுமையைத் தடுக்கும் மந்திரம் இதில் இருக்கிறது என்று யாராவது மாத்திரை விற்க வந்தால் நம்ப வேண்டாம். மனித குரோமோசோமின் முனைகளைக் காவல் காக்கும் புரதக் கூட்டமே வேறு. முனை குறைவது புற்றுநோய்க்கு எதிரான ஒரு கடிவாளமும்கூட. கொண்டை ஊசி அங்கே செல்லாது.

ஆனால் நோய் விஷயத்தில் கொண்டை ஊசிக்கு நேரடித் தொடர்பு உண்டு. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலரைப் படுத்துவது. அதை உண்டாக்கும் பொரீலியா என்ற கிருமியிடமும் முனை மூடிய நீளமான பிளாஸ்மிட்கள் இருப்பதை ஆலன் பார்பரும் கிளாட் காரனும் 1987இல் அறிவித்தார்கள். 1997இல் அந்தக் கிருமியின் ஜீனோம் படிக்கப்பட்டபோது, குரோமோசோமே நீளம் என்று உறுதியாயிற்று. ஒன்பது லட்சத்துப் பத்தாயிரம் எழுத்துகள், கூடவே ஒரு பட்டாளம் பிளாஸ்மிட்கள். கொண்டை ஊசி போட அதற்கும் டெல்என் போன்ற ஓர் என்சைம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கிருமி பிழைக்காது. மனித உடலில் அப்படி ஓர் என்சைம் கிடையாது. அதை மட்டும் குறி பார்த்து அடிக்கும் மருந்து செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இங்கேதான் கால் முளைத்தது.

பாக்டீரியா என்றால் வளையம் என்ற பாடப் புத்தக வாக்கியம் ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்தது. ஜப்பானியர்கள் 2007இல் அதை ஒரே போடாகப் போட்டார்கள். ஹிரோனோரி நிகி, தகாஷி ஹொரியுச்சி முதலியவர்கள் அடங்கிய குழு, ஈ. கோலையின் வளைய குரோமோசோமில் என்15இன் மாலைமாற்றைச் செருகிவிட்டு, பிறகு என்15ஐயே உள்ளே அனுப்பியது. டெல்என் தன் கடமையைச் செய்தது. நாற்பத்தாறு லட்சம் எழுத்துள்ள வளையம் அறுந்து, இரு முனைகளிலும் கொண்டை ஊசியோடு நீள இழையாயிற்று.

பாக்டீரியா செத்துப்போகும், குறைந்தபட்சம் நொண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. வளரும் வேகம், உருவம், ஜீன்களின் செயல்பாடு எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வளையத்தில் பிரதியாக்கம் எங்கே முடியுமோ அந்த இடத்துக்கு அருகில் வெட்டினால்தான் இந்தச் சௌகரியம். தள்ளித் தள்ளி வெட்டினால் வளர்ச்சி தடுமாறிற்று. இது விஞ்ஞானிகளுக்கு ஒரு சங்கடமான கேள்வியை விட்டுச் சென்றது. நீளமாக இருந்தாலும் சுகமாகவே வாழ முடியுமென்றால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளையத்தையே கட்டிக்கொண்டு அழுவது ஏன்? திருப்தியான பதில் இன்னும் வரவில்லை.

காசு வரும் கதை கடைசியில்தான். ஆய்வுக்கூடங்களில் டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்க வளைய பிளாஸ்மிட்டுகளைத்தான் பயன்படுத்துவது வழக்கம். வளையம் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் அந்த முறுக்கில் சிதைந்துபோகும். என்15ஐ அடிப்படையாகக் கொண்ட நீள பிளாஸ்மிட்டில் முறுக்கு இல்லை. வளையத்தில் தங்காத முரட்டுத் துண்டுகள் அதில் தங்கின. 2010இல் நிகோலாய் ரவினும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகளும் சேர்ந்து அதைச் சந்தைக்குரிய சாதனமாகவே ஆக்கி வெளியிட்டார்கள்.

அதைவிடப் பெரியது தடுப்பூசி. 2021 ஆகஸ்டில் இந்தியா அவசர அனுமதி அளித்த ஜைகோவ்-டி, மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பூசி. அகமதாபாத் ஜைடஸ் தயாரிப்பு. அதில் இருப்பது வளைய பிளாஸ்மிட், பெரிய தொட்டிகளில் ஈ. கோலையை வளர்த்து எடுப்பது. இம்முறையில் பாக்டீரியாவின் தேவைக்காகச் சேர்க்கும் பகுதிகளும் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே வரும். பொதுவாக அவற்றில் ஒன்று, மருந்துக்கு அசையாத தன்மையைத் தரும் ஜீன். ஆன்டிபயாடிக்குகள் வேலை செய்யாமல் போவதைக் கண்டு மருத்துவ உலகம் கவலைப்படும் காலத்தில் இது உறுத்தலான சமாசாரம்.

லண்டன் பக்கத்தில் டச்லைட் என்ற நிறுவனம் பாக்டீரியாவையே விலக்கிவிட்டது. குழாயில் ஒரு ஃபேஜிடமிருந்து பெற்ற என்சைம் டி.என்.ஏ.வைச் சுருள் சுருளாக நீட்டிக்கொண்டே போகும். அது ஸ்பெயினின் மார்கரிட்டா சாலஸ் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஃபை29 ஃபேஜின் என்சைம். நீளும் இழையில் இடையிடையே அந்த ஐம்பத்தாறு எழுத்து. டெல்என் அவ்விடங்களில் நறுக்கி முடிச்சுப் போடுகிறது. வேண்டிய ஜீன் மட்டும், இரு பக்கமும் கொண்டை ஊசியோடு. பார்ப்பதற்கு நாய்க்கு வாங்கும் எலும்பு பிஸ்கட் போல இருப்பதால் பெயரும் ‘டாகிபோன்’. தடுப்பூசிக்கும், ஜீன் சிகிச்சைக்கும், எம்.ஆர்.என்.ஏ. தயாரிக்கும் அச்சாகவும் அது பயன்படுகிறது. செய்முறைக்கு அந்த நிறுவனம் காப்புரிமை வைத்திருக்கிறது.

எந்த உபயோகத்தையும் காட்டாமல் இருபது, முப்பது வருடங்கள் ஒரு வைரஸைப் பார்த்துக்கொண்டிருக்க இன்றைய நிதிக் குழுக்கள் சம்மதிக்குமா என்று கேட்டால், எந்தத் தலைநகரிலும் நேரான பதில் கிடைக்காது. விண்ணப்பப் படிவத்தில் ‘சமூகப் பயன்’ என்ற கட்டத்தில் 1970இல் ரவினும் ஷுல்காவும் என்ன எழுதியிருக்க முடியும்? ‘இந்த வைரஸ் குரோமோசோமுக்கு வெளியே இருக்கிறது’ என்றா?

இன்று டெல்என் வேண்டுமென்பவர்கள் மாஸ்கோவுக்கோ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கோ கடிதம் எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பயோலாப்ஸ் அதைச் சின்னக் குப்பியில் அடைத்து விற்கிறது. குப்பியோடு வரும் குறிப்பில், எத்தனை டிகிரியில் வைத்திருக்க வேண்டும், எத்தனை நிமிடம் சூடேற்றினால் செயலிழக்கும் போன்ற விவரங்கள் கிடைக்கும்.